நான் சொன்ன சாஃப்ட்வேர்

காரைக்காலில் ஓர் இன்ஜினியர் ஆபீஸில் வீட்டுப் பிளான் வரைகிறேன். எனக்குத் தெரிந்தது, கம்ப்யூட்டரில் கோடு கோடாகப் பிளான் போடும் ஆட்டோகேட் மட்டும்தான். ஒருநாள் வரிச்சிக்குடியிலிருந்து சித்தப்பா மகள் கலா வந்து, "நானும் இந்த வேலைக்கு வரணும். எந்த சாஃப்ட்வேர முதல்ல கத்துக்கலாம், சொல்லுங்கக்கா" என்றாள்.

ஆட்டோகேட் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அது தெரியாமல் எங்கள் தொழிலில் யாரும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். ஆனால் கலா என்னைவிடக் கெட்டிக்காரி. என் நாற்காலிக்கே வந்துவிடுவாளோ என்று பயந்தேன். "ஸ்கெட்ச்அப் படி. வீட்டையே கலர் கலரா காட்டலாம்" என்று தெரிந்தேதான் சொன்னேன்.

சில மாதம் கழித்து, பூவத்தில் வீடு கட்டும் சிங்கப்பூர்க்காரர் ஒருவர் நான் அனுப்பிய பிளானைப் பார்த்துவிட்டு, "கோடெல்லாம் புரியலைங்க. முகப்பு எப்படி வரும்னு போன்ல காட்டுங்க" என்றார். எனக்கு அது தெரியாது. ஸ்கெட்ச்அப் தெரிந்தவர் யார் என்று இன்ஜினியர் விசாரித்துக் கலாவைக் கூப்பிட்டார். அவள் வரைந்த படம் பிடித்துப்போய் வேலையிலும் சேர்த்துக்கொண்டார்.

அல்வாவோடு என் மேஜைக்கு வந்தாள். "எல்லாரும் ஆட்டோகேட் படின்னாங்க. நான் உங்களத்தான் நம்புனேன்க்கா. இனிமே அதையும் நீங்களே சொல்லித் தாங்க."

இப்போது தினமும் சொல்லித் தருகிறேன், அவள் முகத்தைப் பார்க்காமல், திரையை மட்டும் பார்த்தபடி.