இன்ஜின் அறைக்குப் போன கயிறு

மருமகள் புதுப் போனை என் முன்னால் நீட்டி, "இதுல பட்டனே கெடையாது அத்தே. சும்மா தொடுங்க, போதும்" என்றாள்.

விழுப்புரத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். பழைய போனில் பட்டன் இருந்தது. அழுத்தினால் டக்கென்று ஒரு சத்தம் வரும், நாம் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று மனசு அடங்கும். இது வெறும் கண்ணாடி.

"தொடப் பயமா இருந்தா வாயால பேரச் சொல்லுங்க. அதுவே கூப்புடும்."

மனுஷரிடம் பேசவே எனக்கு நாக்கு எழாது, கண்ணாடியிடம் என்ன பேசுவது? விரலையே நீட்டினேன். பாதியில் நின்றுவிட்டது. மல்லாட்டைத் தோல் புழுதியும் இன்ஜின் எண்ணெயும் கலந்த அந்த வாடை எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறியது.

ஊருக்குக் கரண்டு வராத காலம். திண்டிவனத்தில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உடைக்கிற மில் ஒன்றில் வேலை பார்த்தேன். ஓமந்தூர் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாக மூட்டை வரும். நாங்கள் சேரிப் பெண்கள், மிஷினில் காய் கொட்டுவோம், பருப்புப் புடைப்போம். இன்ஜின் சுவருக்கு அந்தப் பக்கம். அந்த அறை வாசற்படியை நாங்கள் மிதிக்கக் கூடாது. அதற்காகவே முதலாளி சுவரில் ஓட்டை போட்டு ஒரு கயிறு விட்டிருந்தார். கயிற்றின் அந்த நுனியில் மணி. ஒரு தரம் இழுத்தால் ஓட்டு, இரண்டு தரம் இழுத்தால் நிறுத்து, விடாமல் இழுத்தால் வேகம் கூட்டு. நல்ல ஏற்பாடு என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

கயிறு இழுப்பது அஞ்சலை. என் வயசுதான், வாய் மட்டும் நாலு பேருக்கு உண்டானது. நான் பேசாமல் புடைத்துக்கொண்டிருந்தால், "இவ வாய இவ புருசன் மடியில முடிஞ்சிக்கினு போய்ட்டாண்டி" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் முறத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பேன்.

ஒரு நாள் குனிந்து காய் அள்ளும்போது என் முந்தானையை மிஷின் பெல்ட் பிடித்துக்கொண்டது. சேலையோடு கையும் உள்ளே போனது. அப்போதும் எனக்குக் கத்த வரவில்லை, பாருங்கள். சாகப் போகிறவளுக்கு என்ன வெட்கமோ!

அஞ்சலைதான் கத்தினாள். "ஆண்டே, நிறுத்துங்க! நிறுத்துங்க ஆண்டே!" இன்ஜின் சத்தத்தில் எங்களுக்கே கேட்கவில்லை. சுவர் ஜன்னலில் கையை ஆட்டினாள். புழுதி மூடிக் கிடந்தது. கயிற்றுக்கு ஓடினாள். பதறினவள் இரண்டோடு நிறுத்துவாளா? இழுத்தாள், இழுத்தாள், விடாமல் இழுத்தாள்.

இன்ஜின் வேகம் எடுத்தது.

காப்பாற்று என்று அவள் அடித்த மணி, இன்னும் இழு என்று போய்ச் சேர்ந்தது.

அஞ்சலை கயிற்றை விட்டாள். அந்த வாசற்படியைத் தாண்டி உள்ளே போய், இன்ஜின்காரர் கையைப் பிடித்து இழுத்தாள். இன்ஜின் நின்றது.

முழங்கை திருகிப் போய்த் தரையில் கிடந்தேன். ரத்தம். இன்ஜின்காரர் வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய், அஞ்சலை பிடித்த தன் கையை முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். என் வலி அந்த நிமிஷம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தத் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

முதலாளி வந்தார். "மணி இருக்குதில்ல? உள்ள இன்னாத்துக்குப் போன?"

"மணி அடிச்சேன் ஆண்டே. இன்னும் ஜாஸ்தியாதான் ஓடுச்சி."

"எதுத்துப் பேசறியா? நாளையிலேர்ந்து வராத."

அஞ்சலை என் பக்கத்தில் உட்கார்ந்து, கிழிந்த முந்தானையால் என் கையைச் சுற்றினாள். "கை இருக்குதில்ல. வுடுடி" என்றாள்.

கட்டு அவிழ்த்து நான் திரும்ப வேலைக்குப் போனபோது மணிக்கு வேறு சட்டம். எத்தனை தரம் இழுத்தாலும் நிறுத்துவது என்று அர்த்தம், ஓட்டுவதற்கு மேஸ்திரி போய்ச் சொல்ல வேண்டும். மணியைத் திருத்தினார்கள். அஞ்சலையைக் கூப்பிடவில்லை. அவளும் புருஷனும் முகையூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போனார்கள் என்றார்கள். விழுப்புரம் வந்த பிறகு சந்தையில் அந்தப் பக்கத்து ஆட்களைப் பார்த்தால் வாய் திறந்து கேட்பேன், நான்கூட. யாருக்கும் தெரியவில்லை. மில் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம்.

"தொடுங்க அத்தே, ஒண்ணும் ஆவாது."

அவள் காட்டின இடத்தைத் தொட்டேன். கண்ணாடி உடனே வெளிச்சமாகி, என் மகள் குரல் வந்தது. யார் விரல் என்று அது பார்க்கவில்லை.

பேசி முடித்ததும் மருமகள் அடுப்படிக்குப் போனாள். யாரும் இல்லையே என்று சுற்றிப் பார்த்துவிட்டு, போனை வாயருகே வைத்து மெதுவாக, "அஞ்சலை" என்றேன்.

கொஞ்ச நேரம் ஏதோ சுற்றியது. பிறகு எழுத்து வந்தது. அஞ்சாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டிப் படித்தேன். அந்தப் பேரில் யாரும் இல்லை என்று இருந்தது.