அடிவாங்கி பொன்னுலிங்கம்

கொட்டாரத்தில் பொன்னுலிங்கம் கடை எங்கே என்று கேட்டால் ஆட்டோக்காரர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். அடிவாங்கி கடை என்று கேட்டால் போதும், வாசலிலேயே கொண்டுபோய் இறக்கி விடுவார்கள். அரிசியும் பருப்பும் சோப்பும் விற்கிற சின்னப் பலசரக்குக் கடை அது. உள்ளே உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. யாரிடமும் அதிர்ந்து பேசத் தெரியாதவர். அவர் கடைசியாக மேடையேறிக் கால் நூற்றாண்டு ஆகிறது. ஆனால் ஊர் ஒருமுறை பெயர் வைத்துவிட்டால் அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிற பழக்கம் எந்த ஊருக்கும் கிடையாது.

தொண்ணூறுகளில் சிரிப்பு என்றால் அது இரண்டு பேராகத்தான் வரும். திரையில் கவுண்டமணி திட்டுவார், செந்தில் வாங்கிக்கொள்வார், தியேட்டர் குலுங்கும். படத்தின் கதையைக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். காமெடி மட்டும் வசனம் பிசகாமல் வரும். டீக்கடைகளில் பாட்டு கேசட்டுக்கு இணையாகக் காமெடி கேசட் ஓடியது. வளைகுடாவுக்குப் போகிற பிள்ளையின் பெட்டியில் நேந்திரங்காய் சிப்ஸுக்கும் மீன் ஊறுகாய்க்கும் நடுவே இரண்டு கேசட்டைச் செருகி அனுப்பினார்கள். அங்கே போய் அழுகை வந்தால் போட்டுக் கேட்கட்டும் என்றுதான். ஞாயிற்றுக்கிழமை டிவியில் படம் ஓடும்போது, பாட்டுக்கு எழுந்து அடுப்பைப் பார்க்கப் போகிற பெண்கள் காமெடிக்கு ஓடி வந்து உட்காருவார்கள்.

அந்தச் சிரிப்பை ஊர் மேடையில் நிறுத்திக் காட்டவும் ஆள் வேண்டியிருந்தது. அம்மன் கோயில் கொடை விழா, சர்ச் வாலிபர் சங்க ஆண்டு விழா, கிறிஸ்துமஸ் கலை நிகழ்ச்சி எதுவானாலும் அகஸ்தீஸ்வரம் பக்கத்தில் கூப்பிடப்பட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் பொன்னுலிங்கம், இன்னொருவர் இராஜாக்கமங்கலம் ஜேசுதாஸ்.

ஜேசுதாஸ் ஒரு பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா. நல்ல உயரம், வெண்கலத்தைத் தட்டியது போன்ற குரல். அலுவலகத்தில் தலைமையாசிரியருக்கு எதிரே வாய் திறக்க மாட்டார். அங்கே அடக்கி வைத்ததை எல்லாம் மேடையில் பொன்னுலிங்கத்தின் மேல் இறக்கி வைப்பார். பொன்னுலிங்கம் குள்ளம். முகத்தில் எப்போதும் ஒன்றும் புரியாத ஒரு சாந்தம். இரண்டு பேரும் சேர்ந்து நின்றாலே, வசனம் தொடங்குவதற்கு முன்பு ஜனம் சிரிக்க ஆரம்பித்துவிடும்.

எந்த ஊரில் எதைப் போட்டாலும் கடைசியில் 'குடைக் கதை' போட்டே ஆக வேண்டும். ஜேசுதாஸ் முதலாளி, பொன்னுலிங்கம் வேலைக்காரன். பழுது பார்க்கக் கொடுத்த குடையை வாங்கிவர முதலாளி அனுப்புவார். வேலைக்காரன் தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு வருவான். குடை அவன் சட்டைக்குள் இருக்கும். மழையில் ஏன் குடையை விரிக்கவில்லை என்று கேட்டால், "புதுசா துணி போட்ட குடையில்லா அண்ணாச்சி, நனைஞ்சா நீங்க ஏசுவியளே" என்பான். அதற்கு ஜேசுதாஸ் மூச்சு விடாமல் ஏசுகிற ஏச்சும், முடிவில் விழுகிற அடியும்தான் நிகழ்ச்சியின் உச்சம்.

அந்த அடியில் ஒரு தொழில் ரகசியம் இருந்தது. மேடையில் ஒரே ஒரு மைக்தான். ஜேசுதாஸின் கை பலமாக வீசிக்கொண்டு வரும், கன்னத்துக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றுவிடும். அதே நொடியில் பொன்னுலிங்கம் மைக்குக்குக் கீழே தன் இரண்டு கைகளையும் ஓங்கித் தட்டுவார். தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் வழியாக அந்தச் சத்தம் பக்கத்து ஊர்வரை போகும். அடிப்பவருக்கு வேலை கையை நிறுத்துவது, சத்தம் அடி வாங்குகிறவருடைய பொறுப்பு. இரண்டு பேரும் கண்ணைப் பார்த்துக்கொண்டு செய்த வேலை அது. எட்டு ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

ஊருக்கு இது தெரியாது. தெரிந்தால் சிரிப்பு போய்விடும் என்பதால் இருவரும் வீட்டில்கூடச் சொல்லவில்லை. அதன் பலனைப் பொன்னுலிங்கம் தனியாக அனுபவித்தார். பஸ்ஸில் முன்பின் தெரியாதவன் பிடரியில் ஒன்று போட்டுவிட்டுச் சிரிப்பான். கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது தலையில் தட்டுவார்கள். பிரியத்தில்தான் செய்தார்கள், கோபித்துக்கொள்ளவும் முடியாது. பள்ளிக்கூடத்தில் அவர் மகள் பிந்துவை 'அடிவாங்கி மவ' என்று கூப்பிட்டார்கள். அவள் அதை வீட்டில் வந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்போதே மேடையை விட்டிருப்பார்.

விடவைத்ததும் பிந்துதான். கொட்டாரம் கொடையில் குடைக் கதை போட்ட அன்று, அப்பா நடிப்பதைப் பார்க்க முதல்முதலாக வந்திருந்தாள். நாலாம் வகுப்புப் பிள்ளை. மணலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஜேசுதாஸின் கை உயர்ந்ததும், "எப்பா" என்று அலறிக்கொண்டு எழுந்துவிட்டாள். பொன்னுலிங்கம் அவளைப் பார்த்தார். கைகள் தட்ட மறந்துவிட்டன. ஜேசுதாஸின் கை சத்தமில்லாமல் வந்து நின்றது. கூட்டம் ஒரு கணம் விழித்தது, பிறகு விசிலடித்தது. "அடிக்கலலே, ஏமாத்துறானுவ" என்று ஒருவன் கத்தினான்.

அடுத்த நொடி ஜேசுதாஸ் உண்மையாகவே அடித்தார். அதுவும் மைக் வழியாகத்தான் போனது. அன்றைக்குச் சிரித்த மாதிரி ஜனம் அதற்கு முன்பு சிரித்ததில்லை. பொன்னுலிங்கம் மிச்ச வசனத்தைச் சொல்லி முடித்தார், கும்பிட்டார், இறங்கினார். வீட்டில் மகளை மடியில் வைத்துக்கொண்டு, "எல்லாம் சும்மா மக்ளே, கையைத் தட்டுறது நான்தான், அப்பாக்கு நோவவே இல்ல" என்றார். பிள்ளை அவர் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து விரலும் பதிந்திருந்த கன்னம் அது. அவர் சொன்னதில் பாதி உண்மை, பாதி பொய். அந்தப் பொய்யால் உண்மையையும் அவள் நம்பவில்லை. அன்றிலிருந்து, அப்பா இத்தனை வருடமும் அடிபட்டுத்தான் தன்னை வளர்த்தார் என்பது அவள் மனதில் கல்லில் வெட்டியதைப் போல நின்றுவிட்டது.

மறு வாரம் ஜேசுதாஸ் அடுத்த நிகழ்ச்சிக்குக் கூப்பிட வந்தார். "இனி நான் வரல்ல மக்கா" என்றார் பொன்னுலிங்கம். ஜேசுதாஸ் ஏன் என்று கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு டீயோடு முடிந்திருக்கும் விஷயம். ஊரையே ஏசத் தெரிந்த வாய்க்கு அந்த ஒரு சொல் வரவில்லை. பிறகு கல்யாண வீடுகளில் பார்த்தால் சுகமா என்பார்கள், சுகம் என்பார்கள், ஆளுக்கு ஒரு பந்தியில் உட்காருவார்கள். ஜேசுதாஸ் வேறு ஆளை வைத்துச் சில மேடை பார்த்தார். எடுபடவில்லை.

இந்த வருடம் ஆனி மாதத்தில் ஜேசுதாஸின் மனைவி ஞானபாய் கடைக்கு வந்தாள். ஜேசுதாஸுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது என்பது பொன்னுலிங்கத்துக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போய் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பியவர் அவர்.

"டாக்டர் சொல்லுதாரு, புதுசா பேச வராதாம் தம்பி. பழைய மனப்பாடம் ஏதும் இருந்தா அது வழியா வாய் திறக்கும்னு சொல்லுதாரு. திறந்தா இப்பத் திறக்கணுமாம், நாள் போனா அதுவும் இல்லன்னுட்டாரு. நான் பைபிள்ல சங்கீதம் வாசிச்சுப் பாத்தேன், கீர்த்தனை பாடிப் பாத்தேன். ஆமென் மட்டும் சொல்லுதாரு. சர்ச்சுலயும் அவருக்கு அவ்வளவுதான் தெரியும்" என்றாள் ஞானபாய். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அவருக்கு மனப்பாடம்னா அந்தக் குடைக் கதைதான். நீங்க வந்து ஒருக்கா நின்னா போதும்."

பொன்னுலிங்கம் பதில் சொல்வதற்குள் உள்ளே சரக்கு அடுக்கிக்கொண்டிருந்த பிந்து வெளியே வந்தாள். இப்போது நாகர்கோவிலில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர், விடுமுறை நாளில் கடையில் நிற்பாள்.

"பெரியம்ம, எங்கப்பா இனி யாருகிட்டயும் ஏச்சும் அடியும் வாங்க வேண்டாம். வாங்கினது போதும்."

ஞானபாய் போகத் திரும்பினாள். படியிறங்கும்போது, "நான் நாளைக்கு வாறேன் மைனி" என்றார் பொன்னுலிங்கம். மகளிடம் திரும்பி, "அவனுக்கு இனி பேச்சு வராமப் போச்சுன்னா, நான் போகாததுனாலதான்னு எனக்கு இருக்கும் மக்ளே. அத என்னால தாங்க ஒக்காது" என்றார். பிந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பாமலே, "நானும் வருவேன்" என்றாள். அவர் மேல் ஒரு விரல் பட்டாலும் இழுத்துக்கொண்டு வந்துவிடுவது என்ற முடிவோடுதான் சொன்னாள்.

மறுநாள் நல்ல மழை. இராஜாக்கமங்கலத்தில் பஸ் இறங்கியதும் பொன்னுலிங்கம் தன் நீளக் குடையை மடித்துச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு மழையில் இறங்கி நடந்தார். பிந்து பின்னாலேயே ஓடித் தன் குடையை அவர் தலைக்கு மேல் பிடிக்கப் பார்த்தாள். "வேண்டாம், நனையணும்" என்றார். தோப்புகளுக்கு நடுவே போகிற அந்த ரோட்டில், நனைந்த வேட்டியோடு குடையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு ஒரு கிழவர் நடந்து போவதைக் கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. பிந்துவுக்குத்தான் அழுகை வந்தது.

ஜேசுதாஸ் முன்னறையில் கட்டிலில் தலையணைகளில் சாய்த்து உட்கார வைக்கப்பட்டிருந்தார். அந்த உயரம் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஞானபாய் கட்டில் தலைமாட்டில் நின்றாள். பிந்து வாசல் நிலையைத் தாண்டி உள்ளே வரவில்லை. பொன்னுலிங்கம் தரையில் நீர் சொட்ட கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றார். நடுவில் மைக் இருப்பதாக வைத்துக்கொண்டு இடத்தைக் கொஞ்சம் சரிசெய்துகொண்டார். சட்டைக்குள்ளிருந்து குடையை எடுத்து நீட்டினார்.

"குடை இன்னா இருக்கு அண்ணாச்சி."

ஜேசுதாஸ் பார்த்துக்கொண்டே இருந்தார். வாய் ஒரு பக்கமாக அசைந்தது, சத்தம் வரவில்லை. ஞானபாய் கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினாள். எந்த மேடையிலும் பொன்னுலிங்கம் இப்படிப் பயந்ததில்லை. மறுபடியும், பழைய அந்தச் சாந்தமான முகத்தோடு சொன்னார்.

"நனையாம கொண்டு வந்திருக்கேன் அண்ணாச்சி. புதுசா துணி போட்ட குடையில்லா, நனைஞ்சா நீங்க ஏசுவியளே."

"ஏ..." என்றார் ஜேசுதாஸ். பிறகு, "ஏலே" என்றார். பிறகு எங்கிருந்தோ அடைபட்டுக் கிடந்தது உடைத்துக்கொண்டு வந்தது. "ஏலே மடப்பயலே, மழைக்குக் குடையா, குடைக்கு நீயாலே? உன்னைப் பெத்த வயித்துல..." சொற்கள் குழறின, பாதி தேய்ந்து வந்தன. ஆனால் வரிசை தப்பவில்லை. அதே ஏற்றம், அதே இறக்கம். பொன்னுலிங்கம் ஒவ்வோர் ஏச்சுக்கும் பழையபடி தலையை ஆட்டினார். ஞானபாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏச்சு முடிகிற இடம் நெருங்கியது. அடுத்தது அடி. பொன்னுலிங்கத்துக்கு அது தெரியும், வாசலில் நின்ற பிந்துவுக்கும் தெரியும். "போதும்ப்பா" என்று அவள் உள்ளே வந்துவிட்டாள். அதற்குள் ஜேசுதாஸின் இடது கை உயர்ந்தது. பழகாத கை. மேடையில் ஒருநாளும் அவர் வீசாத கை. பொன்னுலிங்கம் விலகவில்லை, குனிந்து கன்னத்தைக் காட்டினார். கை வந்தது. அவர் இரண்டு கைகளையும் ஓங்கித் தட்டினார்.

ஓட்டு வீடு அதிர்ந்தது. ஜேசுதாஸின் கை கன்னத்துக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றிருந்தது. நடுங்கியது, ஆனால் தொடவில்லை. பிந்து ஒரு கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் கைகள் இன்னும் ஒன்றோடொன்று ஒட்டியபடி இருந்தன.

கதையில் அதற்குமேல் முதலாளிக்கு வசனம் கிடையாது. ஜேசுதாஸ் கையைக் கீழே இறக்கவில்லை. வாயைக் கோணிக் கோணி எதையோ தேடினார். ஏச்சு வந்த வேகத்தில் இது வரவில்லை, ஒவ்வோர் எழுத்தாக இழுத்து எடுக்க வேண்டியிருந்தது.

"நொ... நொந்துதாலே?"

பொன்னுலிங்கத்துக்கு எந்த அடியைக் கேட்கிறார் என்று புரிந்தது. கால் நூற்றாண்டாக அவர் மனைவியிடமும் மகளிடமும் ஊரிடமும் இல்லை என்றே சொல்லி வந்தார். இப்போதும் இல்லை என்றுதான் வாய் எடுத்தார்.

"நொந்துது மக்கா" என்றார். "அந்த ஒண்ணுதான் நொந்துது."

ஜேசுதாஸின் கை அப்போதுதான் அவர் கன்னத்தில் வந்து படிந்தது. கோணிய வாயிலிருந்து எச்சில் வடிந்துகொண்டிருந்தது. பிந்து தன் துப்பட்டாவின் முனையால் அதைத் துடைத்தாள்.