அரைவில்லு

"நிறுத்தாதே!" என்று தங்கை கத்தும்போது தையல்காரியின் கை நின்றுவிட்டிருந்தது. நாண் முகத்துக்கு ஒரு சாண் முன்னால், எப்போதும் நிற்கும் அதே இடத்தில். வழக்கமாக அவள் அங்கிருந்தே அம்பை விட்டுவிடுவாள். இன்று விடாமல் மெல்லத் தளர்த்தினாள்.

"அரைவில்லு இன்னிக்கும் அரைவில்லுதானா?" என்றார் தச்சர். மரமில்லுக்குப் பின்னால், அறுத்துப் போட்ட பலகைகள் மேல் உட்கார்ந்திருந்தார். அந்த மூங்கில் வில் அவர் செய்தது. அவள் கை நீளத்தை அளந்து அவளுக்கென்றே செய்தது. "பாதியிலேயே நிறுத்தறதுக்கு எதுக்கு இவ்வளவு நல்ல வில்லு? இன்னிக்கு முழுசா இழுக்கலைன்னா நான் திருப்பி எடுத்துக்கறேன், டைலரக்கா. போஸ்ட்மேன் கேட்டுகிட்டே இருக்கார்."

"அவர் கை குட்டை. அவருக்கு இது எதுக்கு?"

"இப்போதைக்கு உங்க கையும் குட்டைதானே."

கையில் பலம் இல்லாமல் இல்லை. துணியை இழுத்துப் பார்ப்பதுதான் அவள் தொழில். எந்தத் துணியும் கிழிவதற்குச் சற்று முன்னால் ஒரு முனகல் கொடுக்கும். காதுக்குக் கேட்காது, விரலுக்குக் கேட்கும். கேட்டதும் விரல் நின்றுவிடும். அவள் கடையில் இதுவரை ஒரு துணி கிழிந்ததில்லை. வில்லும் பாதியில் அதே மாதிரி முனகியது. இது மூங்கில் என்று அவளுக்குத் தெரியும். விரல்தான் நம்பவில்லை.

"அக்கா, அது ஜாக்கெட் இல்ல, தையல் விட்டுப்போக."

"உனக்கென்ன, பேங்க்ல உட்கார்ந்து சீல் குத்தறவ."

"சீல் குத்தறவளுக்கே முழுசா வருது. தினம் கடை ஷட்டரை இழுக்கறியே, அது முனகறதில்லையா? தெருவே முழிச்சுக்குது."

தையல்காரி சிரித்துவிட்டாள். பாதியில் மாட்டிக்கொள்ளும் ஷட்டர் அது. விரலால் இழுத்தால் அசையாது. முதுகைக் கொடுத்தாக வேண்டும்.

வில்லை மறுபடி உயர்த்தினாள். விரல்களை வெறும் கொக்கியாக வைத்துக்கொண்டு முழங்கையைப் பின்னால் விட்டாள். முனகல் வந்தது. வரட்டும். அதைத் தாண்டியதும் வில் வேறு வில்லானது. ஒவ்வொரு விரற்கடைக்கும் கனம் ஏறியது. முதுகில் தோள்பட்டை எலும்புகள் இரண்டும் ஒன்றையொன்று தேடி நெருங்கின. நாண் மூக்கு நுனியில் உரசி உதட்டோரத்தில் வந்து பதிந்தது.

அங்கே சத்தமே இல்லை. கனம் குறையவில்லை, ஆனால் அது விரலிலும் இல்லை, தோளிலும் இல்லை. முதுகு முழுக்கப் பரவி, எங்கும் தனியாக வலிக்காமல் நின்றது. நாணின் மெல்லிய நடுக்கம் தாடை எலும்பு வழியாகக் காதுக்குள் ஏறியது. வில் இழுத்த இழுப்புக்கு அவள் ஈடுகொடுத்தாள். அவள் இழுப்புக்கு வில் ஈடுகொடுத்தது. எதுவும் கிழியவில்லை. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"விடுக்கா!"

விட மனம் வரவில்லை.

"விடுங்க டைலரக்கா, வில்லு பாவம்!"

விட்டாள். அம்பு வைக்கோல் கட்டைத் தாண்டி, வேலியைத் தாண்டி, மில்லின் தகரக் கூரை மேல் டங்கென்று விழுந்தது. அரை இழுப்புக்குத் தோதாக மேலே தூக்கிப் பிடித்தே பழகிய கை அது.

தங்கை கைதட்டிக்கொண்டு குதித்தாள். தச்சர் கூரையைப் பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்தார்.

"போஸ்ட்மேனுக்கு வேற செஞ்சு கொடுத்துக்கறேன்," என்றார். "ஏணி மட்டும் நீங்க கொண்டுவாங்க."

மறுநாள் கடையைத் திறந்தாள். ஷட்டர் பாதியில் மாட்டியது, தள்ளியதும் ஏறியது. வலது கையில் மூன்று விரல்கள் வீங்கியிருந்தன. கத்தரி பிடிக்க முடியாததால் வெட்டும் வேலையை ஒதுக்கிவிட்டு மெஷினில் ஓரம் அடித்தாள். ஒருத்தி சீருடைப் பாவாடைக்கு இடுப்பைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். மதியம் கொஞ்ச நேரம் கரண்ட் இல்லை. மில்லிலிருந்து ஓர் ஆள் வந்து அம்பைக் கொடுத்தான். முனை மழுங்கியிருந்தது. அதை இஞ்ச் டேப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.