கேணலைத் தூக்கிய மாமா

என் மாமா இங்கிலாந்து அரசரின் காலாட்படையில் ஆறு மாதம் இருந்தவர். சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, அவருடைய நீலக் கோட்டும் இரும்புத் தொப்பியும் குளிர்கால உடுப்புகளோடு கிடந்ததைக் கண்ணால் கண்டவள் நான்.

இந்த நாட்டிலும் முந்நூறு, நானூறு வருடங்களுக்கு முன்னர் ஓர் உள்நாட்டுப் போர் நடந்தது. அரசர் ஒரு பக்கம், பாராளுமன்றம் மறுபக்கம். அதை மறக்க மனமில்லாத சிலர், கோடைகால ஞாயிறுகளில் அந்தக் காலத்து உடுப்பைப் போட்டுக்கொண்டு பூங்காக்களில் திரும்பவும் அதே சண்டையைப் பிடிக்கிறார்கள். சம்பளம் கிடையாது, தொண்டர் படை. சனம் கயிற்றுக்கு வெளியே நின்று ஐஸ்கிறீம் தின்றபடி பார்க்கும். யுத்தத்துக்குத் தப்பி வந்த எங்கள் ஆட்களுக்கு இது விளங்கவேயில்லை. இந்தப் பைத்தியக்காரத்தனத்தை அப்பா "விசர்" என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொண்டார்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. பிரான்சில் சில வருடங்கள் இருந்துவிட்டு எங்களிடம் வந்து சேர்ந்தவர். பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. ஆங்கிலம் தெரியாததால், மேற்பார்வையாளர் எதைக் கேட்டாலும் "யெஸ்" என்பதைக் கொள்கையாக வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா என்று கேட்டபோதும் யெஸ்தான். ஓவர்டைம் என்று நினைத்து, புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு போனவரை ஒரு புல்வெளியில் நிறுத்திப் பதினாறு அடி ஈட்டியைக் கையில் கொடுத்தார்கள். அந்த மேற்பார்வையாளர்தான் படைப்பிரிவின் தலைவரான கேணல். சிவப்பு மீசை, பெரிய வயிறு, நல்ல மனிதர். முதலில் சுடும் துவக்கைத்தான் நீட்டினாராம். மாமா தலையை ஆட்டி மறுத்து, ஈட்டியை எடுத்துக்கொண்டார்.

அணிவகுத்து நடப்பதை மாமாவுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கேணல் அதைப் பார்த்து வியந்தார். அம்மா வியக்கவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. கட்டளைகளை மொழிபெயர்க்க ஒவ்வொரு ஞாயிறும் நானும் போவேன். மேளம் அடிக்கிற பெடியன் பல்கலைக்கழகம் போகவிருந்ததால், ஓகஸ்ட் மாதப் பெரிய சண்டைக்குப் பிறகு மேளம் உனக்குத்தான் என்று கேணல் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். நான் அதை வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். சாப்பாட்டு மேசை, பள்ளிக்கூட மேசை, அப்பாவின் முதுகு என்று அகப்பட்ட எல்லாவற்றிலும் அடித்துப் பழகினேன்.

பெரிய சண்டை டூட்டிங் பொதுத்திடலில் நடந்தது. என் வகுப்பில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். அன்றைக்குத்தான் கேணல் சாகிற நாள். பயிற்சிகளில் அவர் செத்ததில்லை, கட்டளைகளைக் கத்துவதற்கு ஆள் வேண்டும் என்பதற்காக. சாவு விதிகளை மாமாவுக்கு இரண்டு தரம் சொல்லியிருந்தேன்.

"செத்த ஆக்கள் கடைசி மேளம் அடிக்குமட்டும் எழும்பக்கூடாது மாமா. மற்ற ஆக்கள் அவையைத் தொடவும் கூடாது. விளங்கிச்சோ?"

"ஓம் பிள்ளை."

கேணல் மிக நன்றாகச் செத்தார். நெஞ்சைப் பிடித்தார், முழங்காலில் நின்றார், அரசரை வாழ்த்தினார், பிறகும் கொஞ்ச நேரம் கையை நீட்டிக் கூப்பிட்டுக்கொண்டு கிடந்தார். திட்டப்படி எங்கள் படை பின்வாங்கியது. மாமாவும் பத்தடி பின்வாங்கினார். பிறகு ஈட்டியைச் சனத்தின் பக்கமாக எறிந்துவிட்டுத் திரும்பி ஓடினார். குனிந்து, எதிரிகளின் நடுவால் புகுந்து, அந்தப் பெரிய மனிதரை ஒரே மூச்சில் தோளில் போட்டுக்கொண்டு வெளியே ஓடிவந்தார். கேணல் "இறக்கு, இறக்கு" என்று ஆங்கிலத்தில் கத்துகிறார். கயிற்றைத் தாண்டி, ஐஸ்கிறீம் வண்டியைத் தாண்டி, முதலுதவிக் கூடாரம் வரைக்கும் மாமா நிற்கவில்லை. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. என் வகுப்புப் பிள்ளைகளும் சிரித்தார்கள். எனக்கு மானம் போய்விட்டது.

ஈட்டியைச் சனத்துக்குப் பக்கத்தில் எறிந்தது பெரிய குற்றம் என்று சண்டையை நடத்தியவர்கள் மாமாவை விலக்கிவிட்டார்கள். மாமா இல்லாத இடத்தில் எனக்கு மேளம் ஏது? பஸ்ஸில் வரும்போது அழுதுகொண்டே கேட்டேன்.

"ஏன் தூக்கினனீங்கள்? அவர் சும்மா நடிச்சவர்."

"தெரியும் பிள்ளை. கால்தான் கேக்கேல்லை."

இது ஒரு பதிலா என்று அந்தக் கிழமை முழுவதும் அவரோடு கதைக்கவில்லை. மாமாவை ஒன்றும் கேளாதே என்று அம்மா என்னைத்தான் ஏசினார்.

அடுத்த ஞாயிறு கேணல் எங்கள் வீட்டுக்கு வந்தார். சாதாரணச் சேர்ட்டில் அவர் பாதியாகத் தெரிந்தார். அம்மா தேத்தண்ணி போடப் போனார். நான் வழக்கம்போல் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன், மேளத்தை எப்படித் திரும்பக் கேட்பது என்ற ஒரே யோசனையோடு.

"என்னைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது உன் மாமா ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார்" என்றார் கேணல். சொல்லியும் காட்டினார். அண்ணை. மூத்த சகோதரன் என்று நான் விளக்கம் கொடுத்தேன். அந்த அண்ணன் யார் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

மாமா கதைக்கத் தொடங்கினார். அவர் அவ்வளவு நேரம் கதைத்து அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. என்னைப் பார்க்கவில்லை, கேணலைப் பார்த்தே தமிழில் சொல்லிக்கொண்டு போனார். அம்மா தேத்தண்ணியோடு வாசலில் வந்து நின்றவர், உள்ளே வரவில்லை. எனக்கு இன்றைக்கு ஞாபகம் இருப்பது துண்டு துண்டாகத்தான். ஏதோ ஒரு தண்ணியைக் கடக்க வேண்டியிருந்தது. மாமாவின் ஆட்களுக்குப் பொறுப்பாக ஒருவர் இருந்தார், அவரைத்தான் எல்லாரும் அண்ணை என்பார்களாம். அவர் விழுந்துவிட்டார். திரும்பிப் பார்க்காமல் ஓடச் சொன்னார்கள், மாமாவும் ஓடினார். அவர் பின்னால் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

மிச்சத்தை நான் கேட்கவில்லை. பெரியவர்கள் ஊர்க்கதை தொடங்கினால் காதை மூடிக்கொள்வது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழக்கம். போன வருடம் துணிந்து மாமாவிடமே கேட்டுப் பார்த்தேன். "அதெல்லாம் மறந்துபோச்சு பிள்ளை" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லவென்று ஒரு நாள் அவருக்கு வந்தது, அந்த நாளில் அவருடைய வாயாக இருந்தவள் நான்.

மாமா முடித்துவிட்டு, சொல்லு என்பதுபோல் என்னைப் பார்த்தார். கேணலும் முன்னுக்குச் சாய்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"மாமா உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறார்" என்றேன் ஆங்கிலத்தில்.

"இவ்வளவு நேரமும் அதையா சொன்னார்?"

"அவ்வளவுதான்" என்றேன். பிறகு மேளத்தைப் பற்றிக் கேட்டேன்.