வாட்டிசோனியின் சாயங்கால நடை

என் தங்கை மெரெசேய்னியின் புருஷன் வாட்டிசோனி நடக்கக் கிளம்பிய நாளிலிருந்தே எனக்கு அவன்மேல் சந்தேகம்தான். தோட்டத்துக்கும் ஆற்றுக்கும் தவிர வேறெங்கும் நடந்தறியாத ஆள். சர்க்கரை முற்றி அவன் அண்ணன் அபிசாயின் காலை எடுத்த பிறகு, "தினம் கொஞ்ச நேரம் நட, இல்லேன்னா உனக்கும் இதே கதிதான்" என்று நர்ஸ் மிரட்டியிருந்தாள். முதல் நாள் வீறாப்பாக ஓடிவிட்டு, மறுநாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தான். அப்புறம் புத்தி வந்து, சாயங்காலம் ஊர்க்கோடி வரை நிதானமாக நடந்து திரும்பினான். ஒரு நாளும் விடவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை இன்னும் ஏறியிருந்தது.

"நான் அவிச்ச கீரைதான் போடறேன்க்கா. ஆனா நடந்துட்டு வர்றப்போ மீசையில தேங்காப்பால் மணக்குது" என்று தங்கை அழுதாள்.

"ஊர்க்கோடில யாரு வீடு? புருஷன் செத்த சலனியேட்டா வீடு! இதுகூடவா உனக்குப் புரியல?"

மறுநாள் தோளில் வலையைப் போட்டுக்கொண்டு, மீன்பிடிக்கப் போகிற சாக்கில் இருவரும் அவன் பின்னால் போனோம்.

சாப்பாட்டு வேளையில் வாசலோடு போகிறவரைக் கூப்பிடாமல் இருக்க எங்கள் ஊரில் யாராலும் முடியாது. "ஆச்சு" என்று சொல்லிவிட்டு நடப்பதுதான் வழக்கம். வாட்டிசோனிக்கு அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை. முதல் வீட்டில் மரவள்ளிக்கிழங்கு. அடுத்த வீட்டில் தேங்காய்ப் பாலில் வெந்த மீன். சலனியேட்டா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது; அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்துபோனான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. திரும்பும் வழியில், "சகலை, வா, சாப்பிடு!" என்று ஒரு குரல். என் புருஷன்! நான் தேவாலயத்தில் பாட்டுப் பழகப் போகிற நேரம் பார்த்து, என் வீட்டிலேயே!

வலையை எறிந்துவிட்டு உள்ளே பாய்ந்தேன்.

"கூப்பிடாம எப்படிடி இருக்கறது? மரியாதை இல்ல?" என்றார் அவர்.

என் பின்னால் வந்த தங்கைதான் பதில் சொன்னாள். "அபிசாய் மாமாவ இப்பல்லாம் யாரு அத்தான் கூப்பிடறீங்க? கால் போனப்புறம் அவரு நம்ம வாசலோட வர்றதே இல்லையே."

வாட்டிசோனி கையிலிருந்த கிழங்கை மெதுவாகத் தட்டில் வைத்தான். என் புருஷன் சட்டியை மூடி வைத்தார்.

இப்போது விடியற்காலையில், எந்த வீட்டிலும் அடுப்பு புகைவதற்கு முன்னே, சகலைகள் இருவரும் நடக்கிறார்கள். அபிசாய் வீட்டு வாசல் வரை போய், அவரோடு கொஞ்சம் பேசிவிட்டுத் திரும்புகிறார்கள். சர்க்கரை இறங்குகிறது என்று நர்ஸ் சொல்கிறாள். இருந்தாலும், என் புருஷனின் மீசையை முகர்ந்து பார்த்த பிறகுதான் நான் டீ கொடுக்கிறேன்.