கைகள் தெரிய வேண்டும்

சுனிதா புதுப் போன் ஒன்றைக் கையில் வாங்கினால் முதலில் திரையைப் பார்க்க மாட்டாள். ஒரு வீடியோவை ஓடவிட்டு மேசைமேல் வைத்துவிட்டு வேறு வேலையைக் கவனிப்பாள். பிறகு திரும்பி வந்து போனைப் புரட்டி, அதன் முதுகைக் கன்னத்தில் ஒட்டிக்கொள்வாள். "அட்டைல என்னத்த வேணும்னாலும் அச்சடிப்பான். சூடு பொய் சொல்லாது பாத்துக்கிடுங்க" என்பாள். கன்னம் பொறுக்காத போனை அவள் யாருக்கும் மனசாரக் கொடுத்ததில்லை.

தாராவி 90 ஃபீட் ரோட்டில், ஒரு பக்கம் நகைக்கடையும் மறுபக்கம் பரோட்டாக் கடையுமாக இடுங்கிக் கிடக்கும் மொபைல் கடை அது. முதலாளி லக்மானி சேட், தினமும் உல்லாஸ்நகரிலிருந்து ரயிலேறி வருகிறவர். சுனிதாவுக்குச் சம்பளம் கொடுத்தது அவர் அல்ல. ஒரு போன் கம்பெனி. பல கம்பெனிப் போன்கள் விற்கும் அந்தக் கடையில், தன் போனை மட்டும் எடுத்துச்சொல்லி விற்பதற்காக அந்தக் கம்பெனி அவளை நிறுத்தியிருந்தது. முதுகில் கம்பெனிப் பெயர் போட்ட நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, எந்நேரமும் சிரித்த முகம். கம்பெனி கேட்ட மூன்றும் அவளிடம் இருந்தன. கேட்காத ஒன்றும் இருந்தது. வருகிறவருக்கு எது பொருந்தும் என்று யோசித்துவிடுவாள்.

கடைக்கு வருகிறவர்களிடம் எவ்வளவுக்குள் வேண்டும் என்று அவள் ஆரம்பிப்பதில்லை. "வீட்ல சார்ஜ் போட பாயிண்ட் யார் கைக்குக் கெடைக்கும்? உங்களுக்கா, புள்ளையளுக்கா?" என்று கேட்பாள். புள்ளைகளுக்கு என்றால் பெரிய பேட்டரிப் பக்கம் கை போகும். சாப்பாடு டெலிவரி பண்ணுகிறவன் வந்தால், கடைக்குள் வைத்துக் காட்டாமல் வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய் உச்சிவெயிலில் திரையை நீட்டி, "மேப் தெரியுதா? கண்ணச் சுருக்காமச் சொல்லணும்" என்பாள். தையல் பட்டறையிலிருந்து வரும் பெண்களுக்கு வேறு சோதனை. டிசைன் படங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கையில் ஒரு கால் வரவைத்து, அதைப் பேசிவிட்டுத் திரும்பினால் விட்ட படம் விட்ட இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பாள். "மறுபடி மொதல்ல இருந்து லோடாச்சுன்னா அந்த போனு ஞாபகமறதிக்காரன். நமக்கு ஆவாது."

கேமராவைச் சோதிக்க அவளுக்கு அவள் முகமே போதும். நாங்குநேரிப் பக்கத்து நல்ல கறுப்பு, தாடையின் இடது பக்கத்தில் ஒரு மச்சம். படமெடுத்துப் பார்ப்பாள், முகம் வெளுத்திருந்தால் போனைத் தூக்கி எட்ட வைத்துவிடுவாள். "எனக்கு வெள்ளையடிக்க இவன் யாரு? எங்கம்மா குடுத்த கலரே மஸ்தா இருக்கு." வாடிக்கையாளர்கள் சிரித்துவிட்டுத் தங்கள் முகத்தையும் எடுத்துப் பார்ப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலிலும் அவளுக்கு ஓய்வு கிடையாது. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். இவளும் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, பைபிளைக் கணவன் ஜாபெஸிடம் கொடுத்துவிட்டு, இதில் காசு கேமராவுக்குப் போயிருக்கிறது, அதில் காசு விளம்பரத்துக்குப் போயிருக்கிறது என்று தொடங்கிவிடுவாள். ஜாபெஸ் மசூதித் தெரு முனையில் ஒரு டீ குடித்து, இன்னொரு டீயும் குடித்து, அப்புறம்தான் அவளைக் கூப்பிட வருவான்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் பிச்சையாவும் முத்துமாரியும் வந்த அன்று தன் வேலையையே முதலிலிருந்து கற்றுக்கொள்ள நேர்ந்தது.

ஒரு சாயங்காலம் மூன்று பேராக வந்தார்கள். பேசியவள் கீதா, தன் அண்ணன் பிச்சையா, அண்ணி முத்துமாரி என்று அறிமுகம் செய்தாள். பிச்சையா தோல் பை தைக்கும் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. பேச்சு முழுவதும் கையால்தான். முத்துமாரி நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். வளைகாப்பு வளையல்கள் முழங்கை வரைக்கும் ஏறியிருந்தன. பிரசவத்துக்கு அம்பாசமுத்திரம் பக்கம் தாய் வீட்டுக்குப் போகிறாள்.

"அண்ணிக்கு ஒரு போனு வேணும்க்கா. வீடியோ கால்தான் முக்கியம்" என்றாள் கீதா. "அண்ணி வீட்ல எல்லாரும் பாசமாத்தான் இருக்காவ. ஆனா கைப்பேச்சு ஒருத்தருக்கும் தெரியாது. சாப்புடு, தூங்கு, வலிக்குதா, அம்புட்டுதான் சைகை. மூணு மாசம், நாலு மாசம் பேச்சுத்தொணை இல்லாம எப்படி இருப்பாவ? அண்ணன் போனு நல்லாருக்கு. அண்ணியோடதுல ஒண்ணும் தெரிய மாட்டேங்கு."

சுனிதாவுக்கு இது சுலபமாகத் தெரிந்தது. முன்பக்கக் கேமராவில் தன் கம்பெனியை மிஞ்ச ஆளில்லை என்று அவள் உண்மையாகவே நம்பியிருந்தாள். கம்பெனியின் புது மாடலை எடுத்து முத்துமாரி கையில் கொடுத்து, பிச்சையாவின் போனுக்கு வீடியோ கால் போட்டாள். முத்துமாரியின் முகம் பூவாட்டம் தெரிந்தது. "எப்படி?" என்று பெருவிரலை உயர்த்திக் கேட்டாள் சுனிதா.

பிச்சையா மேலே எரிந்த வரிசை விளக்குகளைப் பார்த்தான். மனைவியின் தோளைத் தொட்டு, கடையின் பின்னால் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த ஸ்டோர் ரூமைக் காட்டினான். அங்கே ஒரு சின்ன பல்புதான். "அண்ணி வீட்லயும் இம்புட்டு வெளிச்சந்தான்" என்றாள் கீதா. முத்துமாரி உள்ளே போய் நின்று ஏதோ கையால் சொன்னாள். பிச்சையா வாசல் பக்கம் நின்று தன் போனைப் பார்த்தான். உள்ளங்கையைத் திருப்பி, இன்னொரு தரம் என்றான். அவள் மறுபடி சொன்னாள். மறுபடியும் உள்ளங்கை திரும்பியது.

சுனிதா அவன் தோளுக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தாள். முத்துமாரியின் முகம் அந்த மங்கிய வெளிச்சத்திலும் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் கை அசையும்போதெல்லாம் விரல்கள் இருந்த இடத்தில் புகைமாதிரி ஒரு இழுப்பு. அஞ்சு விரலும் ஒன்றாகக் குழைந்து, கை நின்றபிறகே பிரிந்தன. முகத்தைப் பளிச்சென்று காட்டுவதற்காகக் கேமரா மெதுவாக இயங்கியது. வேகமான விரல்கள் அதற்குள் சிக்கவில்லை.

"ஆண்டவரே" என்றாள் சுனிதா. "இத்தன நாளா நான் மூஞ்சிய மட்டுந்தாங்க்கா பாத்திருக்கேன். ஒருத்தர் கையக்கூடப் பாத்ததில்ல."

அதன்பிறகு அவள் உட்காரவில்லை. கடையில் காட்டுவதற்கு வைத்திருந்த போன்களை ஒவ்வொன்றாக எடுத்து ஸ்டோர் ரூமுக்கு அனுப்பினாள். விலை கூடிய ஒன்றில் விரல்கள் கொஞ்சம் தெளிந்தன. ஆனால் அது முகத்தைத் தேடித் தேடிப் பெரிதாக்கி நடுவில் வைத்துக்கொண்டு, கைகளை வெளியே தள்ளிவிட்டது. அந்த வசதியைத் தேடிப் பிடித்து அணைத்தாள். கால் நீண்டதும் போன் கொதித்து, திரை தானாக மங்கியது. கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம், வயித்துப்புள்ளக்காரி கைல அடுப்பக் குடுக்கக்கூடாது" என்று திருப்பி வைத்தாள்.

சேட்டுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. "அரே சுனிதா, இது கடையா, ஆஸ்பத்திரியா?" என்று இந்தியில் கத்தினார். அதற்குள் இன்னொருத்தியும் கடைக்குள் வந்து நின்றிருந்தாள். கம்பெனியின் ஏரியா மேற்பார்வையாளர் சுஷ்மா. எதிர்பாராமல் வந்து பார்ப்பது அவள் வழக்கம். சுனிதா அவளைப் பார்த்தாள். வணக்கம் சொன்னாள். வேறு கம்பெனிப் போனை விற்றதற்காக இரண்டு தடவை ஏற்கெனவே எச்சரிக்கை வாங்கியிருக்கிறாள். ஆனாலும் குனிந்து கீழ்த்தட்டில் தேடினாள். வேறொரு கம்பெனியின் பழைய மாடல் அங்கே தூசியோடு கிடந்தது. புதுசு வந்ததும் விலை இறக்கிப் போட்டும் போகாத சரக்கு. சட்டையிலேயே துடைத்து முத்துமாரியிடம் நீட்டினாள்.

படம் இருட்டாகத்தான் வந்தது. கொஞ்சம் மணல் தூவினதுபோலவும் இருந்தது. முத்துமாரியின் முகம் அவளுடைய சொந்த நிறத்தைவிட ஒரு படி கறுத்துத் தெரிந்தது. ஆனால் விரல்கள் தனித்தனியாக நின்றன. வளையல் ஆடுவதுகூடத் தெரிந்தது.

பிச்சையாவின் உள்ளங்கை திரும்பவில்லை. பதில் சொன்னான். அவள் ஏதோ கேட்டாள். அவன் புருவத்தைச் சுருக்கி வேகமாக மறுத்தான். அவள் இன்னும் வேகமாக ஏதோ சொல்லி இடுப்பில் கை வைத்தாள். கடைக்கு வந்திருந்தவர்கள் வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள். கீதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்னக்கா சொல்லுதாவ?" என்றாள் சுனிதா.

"எனக்குக் கோழிக்கறி வைக்கத் தெரியாதே, நீ போயிட்டா என்னத்தத் திம்பேன்னு கேக்கான் அண்ணன். கல்யாணத்துக்கு முன்னால என்னத்தத் தின்னியோ அதையே தின்னுங்காவ அண்ணி."

ஒரு சுவர் தள்ளித்தான் இருவரும் நின்றார்கள். நாலு எட்டு வைத்தால் நேரிலேயே சண்டை போடலாம். அது அவர்களுக்குத் தோன்றவில்லை. பிச்சையா போனை ஒரு டப்பாமேல் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாதாடிக்கொண்டிருந்தான். சுனிதா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"போனையே மறந்துட்டாவ" என்றாள் மெதுவாக. "இதுதான்க்கா. இதையே எடுத்துக்கிடுங்க."

அவர்கள் போனபிறகு சுஷ்மா பேசினாள். கோபமாகப் பேசியிருந்தால் சுனிதா தாங்கியிருப்பாள். "நீ செய்தது தப்பென்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு அந்தப் போன்தான் சரி, நானும் பார்த்தேன்" என்று இந்தியில் நிதானமாகச் சொன்னாள். "ஆனால் நீ போட்டிருக்கிற சட்டை எங்களுடையது, சுனிதா. என்னை இரண்டு தடவை எழுத வைத்துவிட்டாய். மூன்றாவதை நான் மறைக்க முடியாது."

சுஷ்மா சொன்னதிலும் நியாயம் இருப்பது சுனிதாவுக்குத் தெரிந்தது. வேலை போனதை வீட்டுக்குப் போய் ஜாபெஸிடம் சொன்னாள். "நல்லதுதான் செஞ்சிருக்க. ஆனா நல்லத வச்சு ஸ்கூல் பீஸ் கட்ட முடியாதுல்லா" என்றான். அவள் நீலச் சட்டைகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த வாரம் சர்ச்சுக்குப் போகவில்லை. யாராவது போனைப் பற்றிக் கேட்டால் அழுதுவிடுவோமோ என்று பயம்.

அவளைத் தேடி முதலில் கூப்பிட்டது லக்மானி சேட். "உடனே வா" என்றார், எதற்கென்று சொல்லவில்லை. போய்ப் பார்த்தால் கடை நிறைய ஆட்கள், ஆனால் சத்தம் இல்லை. தாணேயிலிருந்தும் செம்பூரிலிருந்தும் பிச்சையாவின் நண்பர்கள் வந்திருந்தார்கள். எல்லோரும் கையால் பேசுகிறவர்கள். சேட் எந்தப் போனை எடுத்துக் காட்டினாலும் தலையாட்டி மறுத்துவிட்டு, தாடையின் இடது பக்கத்தில் விரலால் ஒரு புள்ளி வைத்துக் காட்டினார்களாம். சேட்டுக்குப் புரியவே இல்லை. சுனிதா உள்ளே நுழைந்ததும் அவள் தாடை மச்சத்தைப் பார்த்துவிட்டு அத்தனை பேரும் ஒருசேர அந்தப் புள்ளியை வைத்தார்கள். அது கைப்பேச்சில் அவள் பெயர். பிச்சையா வைத்த பெயர்.

"இவர்களுக்கு நான் ஒன்றும் விற்க முடியாது. நீயே விற்றுக்கொடு" என்றார் சேட். "என் சம்பளம் கம்பெனிச் சம்பளம் அளவுக்கு வராது. ஆனால் எல்லாத் தட்டும் உன்னுடையது. எதை வேண்டுமானாலும் எடுத்துக் காட்டு." சற்று யோசித்து, "ஸ்டோர் ரூம் பல்பை மாற்றலாமா?" என்று கேட்டார்.

"வேண்டவே வேண்டாம் சேட். அது அப்படியே இருக்கட்டும்" என்றாள் சுனிதா.

இப்போது அவள் சொந்தச் சுடிதாரில்தான் கடைக்கு வருகிறாள். விற்பனை நடுவே கொஞ்சம் கொஞ்சமாகக் கைப்பேச்சும் படிக்கிறாள். பேட்டரி, விலை, நல்லது, வேண்டாம், சாப்பிட்டாயா எல்லாம் வந்துவிட்டது. அவசரத்தில் நல்லதுக்குப் பதிலாக வேறெதையோ சொல்லிவிட, ஒரு தடவை கடையே குலுங்கிச் சிரித்தது. என்ன சொன்னாள் என்று இன்றுவரை யாரும் அவளுக்கு விளக்கவில்லை.

போன வாரம் பட்டறை விட்டு நேராக ஓடி வந்தான் பிச்சையா. கீதா உடன் வரவில்லை. மூச்சு வாங்கியபடி தன் போனைக் கவுண்டர்மேல் சாய்த்து வைத்தான். அம்பாசமுத்திரத்து வீட்டின் மங்கிய அறையொன்றில் முத்துமாரி உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப்பொதி மாதிரி ஒரு குழந்தை. இடதுகை குழந்தைக்கு என்று ஆகிவிட்டதால், வலதுகையை மட்டும் உயர்த்தித் தாடையில் புள்ளி வைத்தாள். பிறகு குழந்தையைக் காட்டி ஏதோ கேட்டாள்.

"ஏ அம்மா, ராசாத்தி" என்று சுனிதாவுக்கு வாய்நிறைய வந்துவிட்டது. பாதியில் நிறுத்தினாள். ஒரு வாடிக்கையாளருக்குக் காட்டிக்கொண்டிருந்த போனை மேசையில் வைத்தாள். இரண்டடி பின்னால் நகர்ந்து டியூப்லைட்டுக்கு நேர்கீழே போய் நின்று, திரையின் மூலையில் தெரிந்த தன் சின்ன உருவத்தில் இரண்டு கையும் முழுசாக விழுகின்றனவா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு கைகளை உயர்த்தினாள்.