பேர்ணடெற்றுக்குக் கிடைத்த கூடுதல் நேரம்

ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் இருந்து பஸ் ஏறி பிஸ்கற் பக்டரிக்குப் போய் வந்த காலம் முழுக்க, பேர்ணடெற்றுக்குக் கொம்பியூட்டர் என்றால் அது மற்ற ஆட்களுடைய சாமான். மகளின் மேசையில் ஒன்று இருந்தது. அதைத் தூசி தட்டி மூடி வைப்பாள், அவ்வளவுதான். மகள் கலியாணம் கட்டி எட்மன்டனுக்குப் போனபோது அதுவும் கூடவே போய்விட்டது.

பிறகுதான் அந்த விபத்து. மாவைத் தட்டையாக்கி இழுத்துக்கொண்டு போகிற பெல்ற்றில் ஏதோ சிக்கிக்கொண்டது. நிற்பாட்டி வைத்த மெஷினுக்குள்தான் அவள் கையை விட்டாள். அந்தப் பக்கம் நின்ற யாரோ தெரியாமல் அதைப் போட்டுவிட்டார்கள். வலக்கையின் ஆட்காட்டி விரல் பாதியோடு போனது. நடுவிரல் தப்பியது, ஆனால் மடங்காது. குளிர் தொடங்கினால் இருக்கிற விரலைவிட இல்லாத பாதிதான் கூட நோகுது என்று சொல்லுவாள். கேட்கிறவர்கள் கதையை மாற்றுவார்கள்.

வேலையில் காயப்பட்டவர்களின் அலுவல் பார்க்கிற அரசாங்கக் கந்தோர் ஒன்று, சம்பளத்தின் பெரும்பங்கை மாதாமாதம் அவளுக்கு அனுப்பிக்கொண்டு வந்தது. கணவன் எட்வேட்டுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. கிழமையில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர். வீடு ஓடினது அவளுடைய அந்தக் காசில்தான். அப்படியிருக்க ஒரு நாள் கந்தோரிலிருந்து ஒரு பெண் போன் எடுத்தாள். இந்தக் கையோடு இனிப் பக்டரி வேலை சரிவராது, உங்களை ஒபிஸ் வேலைக்குத் தயார்ப்படுத்தப் போகிறோம், கொலிஜில் படிக்கிற செலவு முழுக்க எங்களுடையது என்றாள். நல்ல இனிமையான குரல். பேர்ணடெற் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு இடைவெளி அந்தப் பேச்சில் எங்கேயும் வரவில்லை.

வகுப்பு நடந்த அறைக்கு யன்னல் கிடையாது. வரிசையாகக் கொம்பியூட்டர்கள், அவற்றுக்கு முன்னால் அவளுடைய மகளைவிட இளம் பிள்ளைகள். படிப்பித்தது கல்யாணி என்ற கோயம்புத்தூர்க்காரி. நாற்பது வயதை எட்டாதவள், எப்போதும் ஒரே சாம்பல் நிறக் கோட்டு. அவளுக்கும் அங்கே நிரந்தர வேலை இல்லை. தவணைக்குத் தவணை கூப்பிட்டால் வருகிற ஆள்.

முதல் நாள் கல்யாணி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். கீபோட்டில் எஃப், ஜே என்ற இரண்டு எழுத்திலும் சின்னதாக ஒரு மேடு இருக்கும், கண்ணை மூடினாலும் ஆட்காட்டி விரல்கள் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும், மற்ற விரல்களெல்லாம் அதிலிருந்துதான் தங்கள் இடத்தைக் கண்டுபிடிக்கும் என்றாள். எல்லாரும் கண்ணை மூடித் தடவினார்கள். பேர்ணடெற்றின் இடக்கை விரல் எஃபைப் பிடித்தது. வலப்பக்கம் பாதி விரல் அந்தரத்தில் நின்றது. அவள் கையை மடியில் இறக்கி வைத்துக்கொண்டாள்.

கல்யாணி கண்டுவிட்டாள். வகுப்பில் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் போன பிறகு பக்கத்துக் கதிரையில் வந்திருந்து, தமிழில் மெல்லமாகக் கேட்டாள். “அக்கா, மோதிர விரலை ஜேல வச்சுப் பழகலாமா? நாம நம்ம வசதிக்கு மாத்திக்கலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

அன்றைக்கிருந்து பேர்ணடெற் மோதிர விரலால் ஜேயைத் தேடப் பழகினாள். ஒரு வரி அடிக்க மற்றவர்கள் ஒரு பக்கம் முடித்திருப்பார்கள். வேகப் பரீட்சை வைத்தால் அவளுடைய எண்ணிக்கை பாஸ் கோட்டுக்குக் கிட்டவும் போகாது. ஆனால் எழுத்தின் பருமனை மாற்றுகிறது, தலைப்பை நடுவுக்குக் கொண்டு வருகிறது, அட்டவணை போடுகிறது, இவையெல்லாம் அவளுக்கு ஒட்டிக்கொண்டன. அவற்றுக்கு வேகம் தேவையில்லை, கவனம் போதும். பிஸ்கற்றில் ஓரம் உடைந்ததைப் பொறுக்கி எடுத்த கண்ணுக்கு, கோடு ஒன்று கொஞ்சம் விலகி நின்றாலும் தெரிந்தது.

ஐப்பசி பிறந்தபோது, மாதா கோயில் செபமாலை எந்த நாள் யார் வீட்டில் என்ற அட்டவணையை அவளே கொலிஜில் அடித்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். பங்குச் சுவாமி அதை அறிவித்தல் பலகையில் குத்தினார். பூசை முடிந்து எட்வேட் அதற்கு முன்னால் போய் நின்று, தங்கள் வீட்டு வரியில் விரலை வைத்து, “நல்லாத்தான் செய்திருக்கிறீர்” என்றார். அவர் எதையும் இலேசில் மெச்சாத மனுசன். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்கு நடந்த களைப்புத் தெரியவில்லை.

அந்தக் கிழமைதான் அன்ரனெற் வந்தாள். பக்டரியில் பேர்ணடெற்றுக்குப் பக்கத்தில் நின்று பல வருடம் வேலை செய்தவள், இப்போதும் அங்கேதான் நிற்கிறாள். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, கொலிஜ் எப்படிப் போகுது என்று கேட்டவள், அட்டவணைக் கதையைக் கேட்டதும் கோப்பையை வைத்துவிட்டாள். வேலையில் காயப்பட்ட தன்னுடைய மைத்துனரையும் கந்தோர்க்காரர் இப்படித்தான் படிப்பித்தார்கள், பாஸ் பண்ணின உடனே, நீ இனி ஒபிஸ் உதவியாளன், அந்தச் சம்பளத்தை நீ உழைக்கலாம் என்று எழுதி, மாதக் காசில் அவ்வளவையும் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தைக் கொடுத்தார்கள் என்றாள். வேலை கிடைத்ததா இல்லையா என்று ஒருத்தரும் கேட்கவில்லையாம். கிடைக்கலாம் என்று அவர்கள் நினைத்தாலே போதுமாம்.

“பெயில் விடடி,” என்றாள் அன்ரனெற். “உனக்கு ஏலாது எண்டு அவை காணவேணும். கெட்டித்தனம் காட்டினியோ, நடுத்தெருவிலைதான்.”

அவள் போன பிறகு பேர்ணடெற் எட்வேட்டைப் பார்த்தாள். அவர் தொலைக்காட்சியைப் பார்த்தபடி இருந்தார். அதிலிருந்து கண்ணை எடுக்காமலே, “உமக்குச் சரியெண்டு பட்டதைச் செய்யும்” என்றார். அது அவள் கேட்க விரும்பிய மறுமொழியும் இல்லை, விரும்பாத மறுமொழியும் இல்லை.

வேண்டுமென்று பிழை விட அவளுக்கு மனம் வரவில்லை. பொய் என்பதால் மட்டும் இல்லை. தெரிந்த ஒன்றைத் தெரியாத மாதிரி அந்தக் கதிரையில் இருந்து நடிப்பதை நினைக்கவே கூச்சமாக இருந்தது. ஆனாலும் அவளுக்கு ஒரு தைரியம் இருந்தது. நேர்மையாகச் செய்தாலே தான் பெயில்தான். குறித்த நேரத்துக்குள் இந்தக் கையால் முடிக்க ஏலாது. உள்ளதை உள்ளபடி செய்துவிட்டு வந்தால், கந்தோரும் உள்ளதை உள்ளபடி காணும். இப்படிக் கணக்குப் போட்டு மனதை ஆற்றிக்கொண்டாள். கந்தோர் விசயம் எதையும் கல்யாணிக்குச் சொல்லவில்லை. தன்னை அனுப்பிப் படிப்பிக்கிறார்கள், தானாக வரவில்லை என்று சொல்ல அவளுக்கு வெட்கம்.

இறுதிப் பரீட்சை மார்கழியில் வந்தது. ஒரு கொம்பனி எழுதுகிற மாதிரி நீண்ட அறிக்கை ஒன்றை அடித்து, தலைப்புகள், அட்டவணை, பக்க எண்கள் எல்லாம் போட்டுக் கொடுக்க வேண்டும். பேர்ணடெற் தன்பாட்டில் தொடங்கினாள். மற்றவர்களின் கீபோட்டுகள் தகரக் கூரையில் மழை விழுந்த மாதிரிக் கேட்டன. ஒவ்வொருவராக முடித்து எழும்பிப் போனார்கள். நேரம் முடிந்தது என்று கல்யாணி சொன்னபோது அவளுக்கு அரைவாசிக்கு மேல் மிச்சம் கிடந்தது. அவள் கையை எடுத்தாள். போட்ட கணக்குச் சரிவந்துவிட்டது என்று நினைத்தாள். கோட்டை எடுக்கக் குனிந்தாள்.

கல்யாணி வந்து அவளுடைய தோளைத் தொட்டாள். “உக்காருங்க அக்கா. கை முடியாதவங்களுக்குக் கூடுதல் நேரம் கொடுக்கலாம்னு காலேஜ்ல சட்டமே இருக்கு. மேல இருக்கவங்ககிட்ட நான் போன வாரமே பேசி வாங்கிட்டேன். உங்ககிட்ட சொன்னா பதட்டப்படுவீங்கன்னு சொல்லல. நீங்க நிதானமா முடிங்க. நான் இருக்கேன்.”

பேர்ணடெற் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் இருந்தது பெருமை. தனக்காக ஒருத்தி இவ்வளவு தூரம் ஓடித் திரிந்திருக்கிறாள். இந்த ஊரில் வந்து இறங்கியதிலிருந்து, கேட்காமலே தனக்காக யாரும் கதைத்த ஞாபகம் அவளுக்கு இல்லை. வேண்டாம் மிஸ், இதை நான் முடிக்கக் கூடாது என்ற சொல் தொண்டைவரை வந்தது. எங்கிருந்து தொடங்கி எப்படி விளங்கப்படுத்துவது? கல்யாணி தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் மேசையில் வைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தாள்.

அவள் திரும்பவும் மோதிர விரலை ஜேயில் வைத்தாள்.

பிறகு நடந்ததை அவள் யாருக்கும் சரியாகச் சொன்னதில்லை. அந்த வெறும் அறையில், அவசரம் இல்லாமல், அவளுடைய கை தன்பாட்டில் நடந்தது. பந்தி பந்தியாக அறிக்கை வளர்ந்தது. அட்டவணையின் கோடுகள் நேராக நின்றன. எழுத்துப்பிழை ஒன்று கண்ணில் பட்டபோது, அதை அப்படியே விட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கவே கை அதைத் திருத்திவிட்டது. கடைசிப் பக்கத்துக்கு எண் போட்டு முடித்தபோது கல்யாணி பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு தப்பு கூட இல்ல அக்கா,” என்றாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது.

பேர்ணடெற் நன்றி சொன்னாள். மனதாரத்தான் சொன்னாள். வெளியே வந்து, பஸ் தரிப்பில் நின்று, மாதக் காசை மனதுக்குள் கணக்குப் பார்த்தாள்.

படிப்புச் செலவைக் கட்டிய கந்தோர் கொலிஜிடம் அறிக்கை கேட்டிருந்தது. கல்யாணி எழுதி அனுப்பியது நல்ல அறிக்கை. வேகம் குறைவு, ஆனால் துல்லியத்தில் வகுப்பிலேயே முதல் என்று எழுதியிருந்தாள். கோயிலுக்குச் செய்து கொடுத்த அட்டவணையின் பிரதியையும், அவளுடைய ஆர்வத்துக்குச் சாட்சியாகச் சேர்த்து அனுப்பியிருந்தாள். தை மாதம் அந்த இனிமையான குரல் மறுபடியும் போனில் வந்தது. வாழ்த்துகள், நீங்கள் இனி ஒபிஸ் உதவியாளராக வேலை செய்யத் தகுதி பெற்றுவிட்டீர்கள் என்று சொல்லி, மாசியிலிருந்து கொடுப்பனவில் வரப்போகிற மாற்றத்தை விளக்கியது. அன்ரனெற் சொன்னதில் ஒரு சொல்லும் பிசகவில்லை. வேலை கிடைக்காவிட்டால் என்று பேர்ணடெற் கேட்டாள். வேலை தேடுவது உங்களுடைய பொறுப்பு என்று குரல் பதில் சொன்னது.

தேடினாள். ஸ்காபரோவில் கதவு திறந்திருந்த ஒபிஸ் எல்லாம் ஏறி இறங்கினாள். அநேகமான இடங்களில் கொம்பியூட்டரில் விண்ணப்பியுங்கள் என்றார்கள். விண்ணப்பித்தால் மறுமொழி வராது. மில்லிக்கனில், பிளாசா ஒன்றில் வீடு விற்கிற தமிழர் ஒருவர் மட்டும் கூப்பிட்டு இருத்திக் கதைத்தார். பாலகிருஷ்ணன் என்று பெயர். மரியாதையான மனுசன். அவளுடைய கையைக் கண்டும் காணாத மாதிரி இருந்தார். என்ன செய்யத் தெரியும் என்று கேட்டார். கடிதம் அடிப்பன், அட்டவணை போடுவன், பிழை திருத்துவன் என்றாள்.

அவர் தன்னுடைய போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, வீடு பார்க்க வந்த ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுது என்று ஆங்கிலத்தில் சொன்னார். கடிதம் திரையில் தானாக ஓடி வந்து நின்றது. பந்தி பிரித்து, ஒரு பிழையும் இல்லாமல்.

“குறை நினைக்காதையுங்கோ அக்கா,” என்றார் அவர். “உதுக்கு இப்ப நான் ஆள் வைக்கிறேல்லை. ஒருத்தரும் வைக்கிறேல்லை.”

அவள் அந்தக் கடிதத்தை முழுக்க வாசித்துப் பார்த்தாள். பிழை ஏதும் அகப்படுமா என்று தேடியதாகப் பிறகு எட்வேட்டுக்குச் சொன்னாள். அகப்படவில்லை.

இளவேனில் முடியுமுன்னமே சின்ன அப்பார்ட்மென்ற்றுக்கு மாறினார்கள். மகள் எட்மன்டனுக்கு வரச்சொல்லிக் கேட்டாள். எட்வேட்டின் வைத்தியத்தை இடம் மாற்றப் பயந்து அவர்கள் போகவில்லை. அன்ரனெற் விசாரித்துப் பார்த்து, சாப்பாட்டுக் கடை ஒன்றின் பின்பக்கத்தில் வேலை எடுத்துக் கொடுத்தாள். மட்டன் றோல்ஸ் சுற்றுகிற வேலை. எவ்வளவு சுற்றுகிறாளோ அவ்வளவுக்குத்தான் கூலி. மற்றப் பெண்கள் தட்டுத் தட்டாக முடித்து எழும்ப, பேர்ணடெற் இடக்கையால் மடித்து, வலக்கையால் அமத்தி, பின்னால் நின்றாள். அங்கே கூடுதல் நேரம் கொடுக்க ஒருத்தரும் இல்லை.

ஆவணியில் ஒரு காலை, வேலைக்குப் போகிற பஸ்ஸில் கல்யாணி ஏறினாள். அந்தச் சாம்பல் கோட்டு இல்லை. கண்டவுடன் முகம் மலர்ந்து பக்கத்தில் வந்து இருந்தாள். கொலிஜில் வெளிநாட்டுப் பிள்ளைகளின் வரவு குறைந்துவிட்டது, அவள் படிப்பித்த பாடத்தையே மூடிவிட்டார்கள், தவணைக்குத் தவணை கூப்பிட்ட எல்லாரையும் நிற்பாட்டியாயிற்று என்று சொன்னாள். கணவனுக்கும் வேலை நிச்சயமில்லை, ஊருக்கே திரும்பிப் போகலாமா என்று யோசிக்கிறார்களாம். சொல்லிவிட்டு, தன் கதையை ஒதுக்கித் தள்ளுகிற மாதிரிக் கையை அசைத்தாள்.

“நீங்க சொல்லுங்க அக்கா. வேலை கிடைச்சுதா?”

பேர்ணடெற்றின் விரல்களில் மாவு வாசம் எப்போதும் இருக்கும். அவள் கையைப் பைக்கு அடியில் வைத்தாள்.

“ஓம் மிஸ். ஒரு ஒபிஸிலை. நல்ல சனங்கள்.”

கல்யாணி அவளுடைய மற்றக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். பிறகு, இத்தனை வருசம் இந்த ஊர்ல நான் உருப்படியா ஒண்ணாவது செஞ்சிருக்கேன் என்று தனக்குச் சொல்வது போலச் சொன்னாள். எந்த இடத்தில் ஒபிஸ் என்று கேட்டாள். வந்துகொண்டிருந்த தரிப்பில் கண்ணாடிக் கட்டடம் ஒன்று தெரிந்தது. பேர்ணடெற் அதைக் காட்டினாள்.

மணிக் கயிற்றை இழுத்து அங்கேயே இறங்கினாள். பஸ்ஸின் யன்னலுக்குள்ளிருந்து கல்யாணி பார்த்துக்கொண்டிருந்ததால் கட்டடத்தின் வாசல்வரை நடந்தாள். கதவு தானாகத் திறந்தது. உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்த காவலாளி யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். ஒருத்தரையும் இல்லை என்று சொல்லி வெளியே வந்து, அடுத்த பஸ்ஸுக்காகத் தரிப்பில் நின்றாள். அன்றைக்குக் கடைக்குப் பிந்தித்தான் போனாள்.